ஆடி ஓய்ந்த கால்கள்

காஞ்சீபுரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காகப் போகிறார்கள். ஒன்று ஸ்வாமி தரிசனம். மற்றொன்று கலியாணப் புடவை. தரிசனத்துக்கென்று புறப்பட்டுவிட்டு, பையில் இருப்பதையெல்லாம் புடவையில் செலவழித்துத் திரும்புகிறவர்களே அதிகம். அண்மையில் நமக்கும் ஒரு கலியாணத்தை முன்னிட்டு அந்த க்ஷேத்திரத்துக்குப் போகும் பாக்கியம் கிட்டியது. வீட்டு ஸ்திரீகள் கடைத்தெருவில் ஜவுளிக் கடைக்காரரை முப்பது புடவை பிரிக்கச் செய்துகொண்டிருந்த வேளையில், நாம் மெல்ல நழுவிப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையைப் போய் அடைந்தோம்.

உள்ளே குழித்தறி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கோர்வைப் புடவை நெய்துகொண்டிருந்தார்கள். கோர்வை என்றால் என்ன என்பதை நமது சகோதரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். புடவையின் உடல் ஒரு வர்ணம், கரை வேறொரு வர்ணம். இரண்டையும் தனித்தனியே நெய்து பிறகு தைப்பதில்லை. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு நாடாக்கள், ஆக மூன்று நாடாக்கள் மாறி மாறி ஓடி, ஒவ்வோர் இழையிலும் கரையும் உடலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். இதற்கு ஒருவர் போதாது. தறியில் உட்கார்ந்து நெய்கிறவர் ஒருவர். பக்கத்தில் இருந்து கரை நாடாவை எறிகிறவர் ஒருவர். இருவருக்கும் நடுவே பேச்சு என்பதே கிடையாது. கையும் கையும் பேசிக்கொள்கின்றன.

இவர்கள் இருவரையும் தவிர மூன்றாவது ஒருவரும் அங்கே இருந்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கிழவர். நாற்பது வருஷம் நெய்தவராம். கண்ணில் புரை விழுந்து, அறுவைக்குப் பிறகும் மெல்லிய இழை தெரியாமல் போய், தறியை மகனிடம் ஒப்புவித்துவிட்டார். ஒரு வேலையும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் நினைத்தோம். சற்று நேரத்தில் அவர் கண்ணை மூடியபடியே, "இழை தளர்ந்து விழுது, பாரு" என்றார். தறி நின்றது. மகன் குனிந்து பார்த்தார். வாஸ்தவந்தான். கண்ணால் பார்க்க முடியாததைக் கிழவர் தறியின் சப்தத்தில் கேட்டுவிட்டார்.

"எறியறதுக்கு ஆளைப் பழக்கறதுதான் ஐயா பெரிய வேலை" என்று நம்மிடம் சொன்னார். "எங்க அப்பா என்னை ஆறு மாசம் இடது கையாலேயே எறியச் சொன்னாரு. வலது கை தானா வரும், வராத கையைத்தான் பழக்கணும்னு சொல்லுவாரு."

இந்தச் சமயத்தில் வாசலில் ஒரு பந்து வந்து விழுந்தது. அதன் பின்னால் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் முழங்கால்வரை புழுதியோடு வந்து நின்றான். கிழவரின் பேரன். பள்ளிக்கூடத்துக் கால்பந்து டீமில் ஆடுகிறானாம். தறியில் இருந்த தகப்பனார் முகம் சுருங்கியது. பையன் உள்ளே போன பிறகு அவர் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க பத்திரிகையில எழுதறவங்க. நாலும் தெரிஞ்சவங்க. சொல்லுங்க ஐயா. இவன் நல்லா ஆடறான்னு வாத்தியாரே சொல்றாரு. சரி, ஆடட்டும். முப்பது வயசுவரைக்கும் கால் ஓடும். அதுக்கப்புறம்? தறியும் தெரியாது, வேற தொழிலும் தெரியாது. ஓய்ஞ்ச காலை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்?"

நாலும் தெரிந்தவர் என்று சொல்லப்பட்ட நமக்கு அந்த நிமிஷத்தில் ஒன்றும் தெரியவில்லை. "யோசித்து எழுதுகிறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தோம். பத்திரிகைக்காரர்களுக்கு இது ஒரு சௌகரியம். ஆனால் சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா? இந்த வாரம் காப்பாற்ற முயல்கிறோம்.

* * *

கால் ஓய்ந்த பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு நமது தேசத்தில் விடை சொன்னவர்களுள் தலையானவர் ஒருவர் ஹைதராபாத்தில் இருந்தார். ஸையத் அப்துல் ரஹீம் என்று பெயர். 1909-ம் வருஷம் ஆகஸ்டு 17-ம் தேதி பிறந்தவர். உஸ்மானியா சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் பெற்றவர். அங்கே படித்த காலத்தில் சர்வகலாசாலை டீமிலும், பிறகு ஹைதராபாத் கிளப்புகளிலும் பந்தாடியவர். ஆனால் ஆட்டக்காரர் என்ற வகையில் மட்டும் அவரைப் பார்த்தால், இன்று அவர் பெயரை யாரும் நினைவில் வைத்திருக்க நியாயமில்லை. அவருக்குத் தொழில் பள்ளிக்கூட உபாத்தியாயம். கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியுமாக இருந்த அந்த மனிதர்தான் ஆசியாக் கண்டத்தையே இந்தியா வெல்லும்படி இரண்டு முறை செய்தார்.

உபாத்தியாயர் என்பதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நமது நாட்டில் அக்காலத்தில் பந்தாடக் கற்றுக்கொடுப்பது ஒரு வித்தை என்று யாரும் எண்ணியதில்லை. காலில் திறமை உள்ளவன் ஆடுவான். இல்லாதவன் வெளியே நின்று கூவுவான். 1911-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி மோஹன் பகான் கோஷ்டியார் கல்கத்தாவில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்ற கணக்கில் முறியடித்து ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்றபோது தேசமே பூரித்துப் போயிற்று. அவர்களில் அநேகமாக எல்லோரும் வெறுங்காலுடன் ஆடியவர்கள். அந்த ஜயத்தின் மகிமை பெரிது. ஆனால் அதன் நிழலில் ஒரு தப்பெண்ணமும் வளர்ந்தது. தைரியமும் வேகமும் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்ற எண்ணம் அது.

ரஹீம் அப்படி நினைக்கவில்லை. பாடத்தைப் பிரித்துக் கற்பிப்பது உபாத்தியாயரின் பழக்கம். இலக்கணத்தைக் கற்பிப்பவர் எழுத்து, சொல், பொருள் என்று பிரித்துக்கொள்வதுபோல, ரஹீம் ஆட்டத்தைப் பிரித்துக்கொண்டார். ஹைதராபாத்தில் அவர் நடத்திய பந்தயங்களில் சில மிகவும் விசித்திரமானவை. ஒரு பந்தயத்தில் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடக்கூடாது. வந்த பந்தை உடனே தோழனிடம் தள்ளிவிட வேண்டும். மற்றொரு பந்தயத்தில் பழகிய காலால் உதைக்கக்கூடாது. பழகாத காலால்தான் உதைக்க வேண்டும். இதைப் படித்தபோது பிள்ளையார்பாளையத்துக் கிழவரும் அவருடைய தகப்பனாரும் நம் மனக்கண் முன் வந்து நின்றார்கள். வராத கையைப் பழக்கியவரும் வராத காலைப் பழக்கியவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆயினும் இருவரும் ஒரே பாடசாலையைச் சேர்ந்தவர்கள்.

1950-ல் ஹைதராபாத் நகரப் போலீஸ் டீமின் பயிற்சி ரஹீமின் கைக்கு வந்தது. அதே வருஷம் தொடங்கி 1954 வரையில், பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை அந்த டீம் ஐந்து வருஷங்கள் வரிசையாக வென்றது. கல்கத்தாவே கால்பந்தின் தலைநகரம் என்று எண்ணியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். ரஹீமின் ஆட்டக்காரர்கள் பந்தைக் கொண்டு ஓடவில்லை. பந்தை ஓடச் செய்தார்கள். மனிதன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் உதைத்த பந்துக்கு ஈடாக மாட்டான் என்பது எளிய உண்மை. எளிய உண்மைகளைத்தான் கற்பிப்பது கஷ்டம்.

* * *

1950-ல் தேசீய டீமும் அவரிடம் வந்து சேர்ந்தது. மறு வருஷம் டில்லியில் முதலாவது ஆசியப் பந்தயங்கள் நடைபெற்றன. கால்பந்து இறுதி ஆட்டத்தில் இந்தியா ஈரானை 1-0 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது. கோல் அடித்தவர் மேவாலால். தலைமை வகித்தவர் சைலேன் மன்னா. சுதந்திரம் பெற்று நான்கு வருஷங்களுக்குள் நமது பிள்ளைகள் ஆசியாவில் முதல்வர்களானார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

அடுத்த வருஷமே கர்வபங்கம் ஏற்பட்டது. 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று தோற்கடித்தது. குளிர் நாட்டில், நம்மவர்களில் பலர் பூட்ஸ் இல்லாமல் ஆடினார்கள். இந்தத் தோல்வியைத் துரதிருஷ்டத்தின் தலையில் போட்டுவிட்டு ஊருக்குத் திரும்புவது சுலபம். ஆனால் அதன் பிறகு பூட்ஸ் அணிவது கட்டாயமாயிற்று. வெறுங்கால் நமது பெருமை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பெருமையைக் கழற்றி வைக்க வேண்டியதாயிற்று. பழைய பெருமையைக் காட்டிலும் புதிய பாடம் முக்கியம் என்று ஒப்புக்கொள்ள மனோதைரியம் வேண்டும்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் ஹங்கேரி தேசத்தார் ஒரு புதுமுறையைக் கையாண்டு வந்தார்கள். 1953-ல் லண்டன் வெம்ப்ளி மைதானத்திலேயே அவர்கள் இங்கிலாந்தை 6-3 என்று வென்று உலகத்தை அதிரச் செய்தார்கள். முன்னால் நின்று கோலுக்குக் காத்திருக்க வேண்டிய நடு ஆட்டக்காரன் பின்னுக்கு வந்துவிடுவான். அவனைக் காவல் காக்க வேண்டியவன் அவனோடு போவதா, தன் இடத்தில் நிற்பதா என்று தெரியாமல் தவிப்பான். அந்தத் தவிப்பில் வழி திறந்துகொள்ளும். இந்த யுக்தியை ரஹீம் நன்கு ஆராய்ந்து நம்மவர்களின் உடல்வாகுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்.

பலன் 1956-ல் மெல்போர்னில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் இந்தியா 4-2 என்று வென்றது. நெவில் டி ஸூஸா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. அரை இறுதியில் எதிரே வந்தது யார் தெரியுமா? அதே யூகோஸ்லாவியா. நான்கு வருஷத்துக்கு முன் பத்து கோல் போட்ட அதே தேசம். இந்த முறை முதல் கோலை அடித்தது இந்தியா! பிறகு யூகோஸ்லாவியா நான்கு கோல் போட்டு வென்றுவிட்டது என்பது உண்மைதான். மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று, நான்காம் இடத்துடன் திரும்பினோம். ஒலிம்பிக் கால்பந்தில் அதைவிட உயர்ந்த இடத்தை இந்தியா இன்றுவரை எட்டியதில்லை.

அந்த டீமில் ஹைதராபாத்துப் பிள்ளைகள் பலர். அவர்களில் நாம் தனியாகச் சொந்தம் கொண்டாடக் கூடிய இருவர் உண்டு. ஒருவர் செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம். மற்றவர் நெடிய கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ். இருவரும் ரஹீமின் பார்வையில் தேறியவர்கள்.

* * *

1962-ல் ஜாகர்த்தாவில் நாலாவது ஆசியப் பந்தயங்கள். ரஹீமின் நுரையீரலில் அதற்குள் புற்றுநோய் குடிபுகுந்திருந்தது. அதோடுதான் அவர் டீமை அழைத்துக்கொண்டு போனார்.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1 என்று வென்றார்கள். ஆனால் பின்வரிசையின் தூண் என்று சொல்லத்தக்க ஜர்னைல் சிங்கின் தலை உடைந்தது. தையல் போட்டார்கள். அடுத்து ஜப்பானை 2-0 என்று வென்றார்கள். தையல் போட்ட தலையோடு பின்வரிசையில் நின்று பந்தை முட்டுவது ஆபத்து. வேறு யாராயிருந்தாலும் அவரை உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் அவரை முன்வரிசைக்குக் கொண்டு வந்து கோல் அடிக்கச் சொன்னார்! நாற்பது வருஷம் தறியில் இருந்தவன் சப்தத்தைக் கேட்டு இழையைக் கண்டுபிடிப்பதுபோன்ற காரியம் இது. புஸ்தகத்தில் கிடைக்காது. அரை இறுதியில் தென் வியத்நாமை 3-2 என்று வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மறுபடியும் அதே தென் கொரியா.

இதற்கிடையில் நகரத்தில் இந்தியர்களுக்கு எதிராகக் கொந்தளிப்பு மூண்டிருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் பந்தயங்களில் சேர்க்காததை இந்தியப் பிரதிநிதியான ஜி. டி. ஸோந்தி கண்டித்துப் பேசியதே காரணம். இந்தியத் தூதராலயம் தாக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் வெளியே போகவும் அஞ்சி இருந்தார்கள். செப்டம்பர் 4-ந் தேதி மைதானத்தில் கூடிய ஏறக்குறைய ஒரு லட்சம் ஜனங்களில் இந்தியாவுக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாகிஸ்தான் ஹாக்கி டீமைச் சேர்ந்தவர்கள் நமக்காகக் கோஷம் எழுப்பினார்கள் என்று ஆட்டக்காரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். விளையாட்டு மைதானத்துக்கு இப்படியும் ஒரு மகிமை உண்டு.

ரஹீம் இறுதி ஆட்டத்துக்குக் கோல் கீப்பரையும் மாற்றினார். காய்ச்சலில் படுத்து எழுந்திருந்த தங்கராஜை நிறுத்தினார். கொரியர்கள் உயரப் பந்து போடுவார்கள். உயரமானவன் வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆட்டம் தொடங்கி இருபது நிமிஷத்துக்குள் பி. கே. பானர்ஜி ஒரு கோலும், தையல் போட்ட தலையுடன் ஜர்னைல் சிங் ஒரு கோலும் போட்டார்கள். கொரியா ஆட்டம் முடியும் தறுவாயில்தான் ஒன்றைத் திருப்ப முடிந்தது. 2-1. சுனி கோஸ்வாமியின் தலைமையில் நமது பிள்ளைகள் தங்கப் பதக்கம் அணிந்து நின்றபோது, அந்த ஒரு லட்சம் பேருக்கு நடுவே ஜனகணமன ஒலித்தது.

ஒன்பது மாதம் கழித்து, 1963-ம் வருஷம் ஜூன் 11-ந் தேதி ரஹீம் காலமானார். வயது ஐம்பத்து மூன்று.

* * *

தேசம் அவருக்கு என்ன செய்தது? பயிற்சி ஆசிரியர்களுக்கென்று துரோணாசாரியார் விருது ஏற்பட்டது 1985-ல். அதற்கு இருபத்திரண்டு வருஷங்களுக்கு முன்பே அவர் போய்விட்டார். பயிற்சி கொடுக்கும் கலையைக் கற்பிக்கப் பாட்டியாலாவில் தேசீய ஸ்தாபனம் ஒன்று தொடங்கப்பட்டது 1961-ல். அப்போது அவருக்கு மிஞ்சியிருந்தது இரண்டே வருஷம். 2024-ல் 'மைதான்' என்ற ஹிந்தி சினிமா வந்த பிறகுதான் புதிய தலைமுறையினரில் பலர் அவர் பெயரையே கேள்விப்பட்டார்கள். புடவையைக் கட்டிக்கொண்டவரைப் பார்த்து ஊர் மெச்சுகிறது. நெய்தவர் பெயர் புடவையில் இல்லை.

ஆசியப் பந்தயக் கால்பந்தில் 1962-க்குப் பிறகு இந்தியா தங்கம் வென்றதில்லை. 1960-ல் ரோமாபுரிக்குப் போனதோடு நமது ஆண்கள் டீம் ஒலிம்பிக் கால்பந்துக்குத் தேறியதும் இல்லை. ஒரு மனிதர் மறைந்ததனாலேயே இப்படி ஆயிற்று என்று சொல்வது நியாயமாகாது. பணம், நிர்வாகம், மைதானங்கள், பிற தேசங்களின் முன்னேற்றம் என்று காரணங்கள் அநேகம். ஆனாலும் ஒரு குறையை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ரஹீமின் வித்தை அவருடைய தலையில் இருந்தது. அவருடைய சிஷ்யர்களின் காலில் இருந்தது. அதை ஊரூராகப் பரப்ப ஓர் ஏற்பாடு இல்லை.

சிஷ்யர்களோ தங்களால் இயன்றதைச் செய்தார்கள். பி. கே. பானர்ஜி 1967-ல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஆடிய நாளில் பெரும்பகுதி ரயில்வே டீமில் ஆடியவர், கால் ஓய்ந்த பிறகு கல்கத்தாவின் இரண்டு பெரிய கிளப்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஆண்டார். 1970-ல் பாங்காக் ஆசியப் பந்தயத்தில் இந்தியா வெண்கலப் பதக்கம் பெற்றபோது பயிற்சிப் பொறுப்பில் அவர் இருந்தார். 1975-ல் ஐ.எப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் மோஹன் பகானை 5-0 என்று நொறுக்கியபோது ஈஸ்ட் பெங்காலின் ஆசிரியர் அவரே. மறு வருஷம் எதிர் வீட்டுக்கே குடிபோனார்! 1977 செப்டம்பரில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் டீமுடன் மோஹன் பகான் 2-2 என்று சமமாக ஆடியதும் அவர் பொறுப்பில்தான். ஆட்டத்துக்கு முன் அவர் பேசுகிற உற்சாகப் பேச்சுக்குக் கல்கத்தா ஜனங்கள் 'வோகல் டானிக்' என்று பெயர் வைத்தார்கள். மருந்துக் கடையில் கிடைக்காத மருந்து. வாயினால் கொடுத்துக் காதினால் குடிப்பது. 2020 மார்ச் மாதம் அவர் காலமானார்.

1970 பாங்காக் டீமின் காப்டன் ஸையத் நயீமுத்தீனும் ஹைதராபாத் நகரப் போலீஸில் தொடங்கியவரே. ஆட்டத்தை விட்டபின் பயிற்சி ஆசிரியராகி, 1990-ல் துரோணாசாரியார் விருது பெற்றார். குருவுக்குக் கிடைக்காத விருது குருவின் ஊர்ப்பிள்ளைக்குக் கிடைத்தது.

தமிழர்கள் அவசியம் அறிய வேண்டிய மற்றொருவர் ஸைமன் சுந்தரராஜ். 1960-ல் ரோமாபுரிக்கு ரஹீம் அழைத்துச் சென்ற டீமில் ஆடிய தமிழர். பதின்மூன்று வருஷங்கள் கழித்து, கேரளத்தின் டீமுக்குப் பயிற்சி ஆசிரியராக இருந்தார். 1973 டிஸம்பரில் எர்ணாகுளத்தில் நடந்த ஸந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் கேரளம் ரயில்வேயை 3-2 என்று வென்றது. மூன்று கோல்களையும் அடித்த காப்டன் மணியை மலையாளிகள் இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். கேரளம் அந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் தடவை. தகப்பன் கற்றதைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, ஹைதராபாத்து உபாத்தியாயரிடம் பெற்றதை ஒரு தமிழர் மலையாளக் கரைக்குக் கொண்டு சேர்த்தார் என்று நினைக்கும்போது நமக்கு ஏற்படும் சந்தோஷம் கொஞ்சமல்ல.

* * *

இனி, பிள்ளையார்பாளையத்துத் தகப்பனாரின் கேள்விக்கு வருவோம்.

ஐயா, நீர் கேட்டது நியாயமான கேள்வி. பந்தாட்டத்தை நம்பினவன் கைவிடப்படான் என்று உமக்கு நாம் பொய் சொல்ல மாட்டோம். ஆயிரம் பையன்கள் ஆடினால் அதிலே சோறு காண்கிறவர்கள் வெகு சிலர். ரஹீமுக்கே பள்ளிக்கூட உத்தியோகம்தான் தொழில். பானர்ஜிக்கு ரயில்வே உத்தியோகம் இருந்தது. ஆகையால் உமது பையன் படிப்பை விடக்கூடாது. இதில் நாம் உமது கட்சி.

ஆனால், 'ஓய்ந்த காலை வைத்துக்கொண்டு என்ன செய்வான்' என்று கேட்டீரே, அதில் நாம் உமது கட்சி அல்ல. ரஹீமின் காலத்தில் பயிற்சி ஆசிரியராவதற்குப் பாதையே இல்லை. ஒற்றை ஆளாகக் காட்டை வெட்டிக்கொண்டு போனார். இன்று படிக்கட்டு இருக்கிறது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் கீழ் 'டி' லைஸென்ஸ் என்று தொடங்கி, 'சி', 'பி', 'ஏ' என்று ஏறி, 'புரோ' லைஸென்ஸ் வரையில் போகலாம். சிறு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கக்கூட இன்று லைஸென்ஸ் கேட்கிறார்கள். மஹீந்திரா டீமில் ஆடிய காலித் ஜமீல் என்பவர் அந்தப் படிகளில் ஏறி, மிஜோரம் மலையிலிருந்து வந்த ஐஜால் என்ற சின்னஞ்சிறு கிளப்பை 2017-ல் ஐ-லீக் சாம்பியனாக்கினார். 2025 ஆகஸ்டில் இந்தியத் தேசீய டீமின் பயிற்சி ஆசிரியராக நியமிக்கப்பட்டார். 2012-க்குப் பிறகு அந்த ஸ்தானத்துக்கு ஓர் இந்தியர் வந்தது அப்போதுதான். நடுவில் பதின்மூன்று வருஷங்கள் வெளிநாட்டாரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்துகொண்டிருந்தோம். வெளிநாட்டார் வந்ததில் பிசகில்லை. வித்தைக்குத் தேசம் கிடையாது. நம்மிடம் ஆடி ஓய்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, அவர்களில் ஒருவரையும் அந்த இடத்துக்கு ஆளாக்காமல் விட்டோமே, அதுதான் பிசகு.

படிக்கட்டு இருந்தால் மட்டும் போதாது என்பதும் நமக்குத் தெரியும். பட்டணத்தில் உள்ளவனுக்குப் படிக்கட்டு வாசலில் இருக்கிறது. காஞ்சீபுரத்துப் பையன் அதைத் தேடிக்கொண்டு போக வேண்டும். பள்ளிக்கூடங்களில் ஆட்ட வேளையைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது. மைதானம் என்று சொல்லப்படுவது பாதி நேரம் பொருட்காட்சிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் போய்விடுகிறது. இவற்றையெல்லாம் சீர்செய்ய வேண்டியவர்கள் சீர்செய்யட்டும். அதுவரையில் உமது வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு.

உமது பையனை ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவிலுள்ள சிறு பிள்ளைகளுக்குப் பந்தாடக் கற்றுக்கொடுக்கச் சொல்லும். முப்பது வயதுக்குக் காத்திருக்க வேண்டாம். இப்போதே தொடங்கட்டும். ஆடுவது வேறு, ஆட்டத்தை அறிவது வேறு. தான் செய்கிற ஒன்றைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான், தான் எப்படிச் செய்கிறோம் என்பதே மனிதனுக்குத் தெரிகிறது. அப்படித் தெரிந்துகொண்டவனுக்குக் கால் ஓய்ந்தாலும் ஆட்டம் ஓயாது. அவன் நாளைக்குப் பயிற்சி ஆசிரியராக வராமலே போகலாம், பள்ளி உபாத்தியாயராகலாம், உமது தறிக்கே திரும்பி வரலாம். எங்கே போனாலும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு காரியத்தை நடத்தத் தெரிந்தவனாக இருப்பான். அந்த வித்தைக்குச் சோறு கிடைக்காத ஊர் இல்லை.

இதற்கு அத்தாட்சி வேண்டுமானால் ஹைதராபாத்துக்கும் ஜாகர்த்தாவுக்கும் போக வேண்டியதில்லை. உமது வீட்டுச் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தறியின் சப்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாரே உமது தகப்பனார், அவரைச் சற்றுத் திரும்பிப் பாரும். அவர் கண் ஓய்ந்து எத்தனை வருஷமாயிற்று? உமது புடவையில் ஓர் இழை தளர்ந்தால் இன்றைக்கும் முதலில் அறிகிறவர் யார்?

நாம் எடுத்துக்கொண்டு வந்த புடவை அந்தத் தறியில் நெய்ததுதான். கரையும் உடலும் சேருகிற இடத்தை வீட்டிலுள்ளவர்கள் இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். விடவில்லை.